காற்றோட்டம் மாறும்போது நீர்த்துளிகள் உருமாறுதலும் உடைதலும்

காற்றில் செல்லும் ஒரு நீர்த்துளி, தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வேகமோ திசையோ மாறும்போது தட்டையாகி, பை போல உப்பி, பல சிறு திவலைகளாகச் சிதறுவது துளி உடைதல் எனப்படும். மழை பெய்வதிலும், பயிருக்கு மருந்து தெளிப்பதிலும், டீசல் இயந்திரத்தில் எரிபொருள் பீய்ச்சப்படுவதிலும், புயலின்போது கடல்நீர் சாரலாக எழுவதிலும் இந்நிகழ்வு காணப்படுகிறது. துளி உடையுமா என்பதைக் காற்றின் வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த வேகம் எவ்வளவு விரைவில் மாறுகிறது என்பதற்கும் அதே அளவு பங்கு உண்டு. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த, காவிரி டெல்டாவின் கடலோரத்தில் அமைந்த காரைக்காலில் வடகிழக்குப் பருவமழை, புயல், நெல் வயல், வானிலை ரேடார் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் அமைந்துள்ளதால், இந்த இயற்பியலை அங்கிருந்தே விளக்கிவிடலாம்.

துளியின் உண்மையான வடிவம்

பாடநூல் படங்களிலும் விளம்பரங்களிலும் மழைத்துளி மேலே கூராகவும் கீழே உருண்டையாகவும், கண்ணீர்த் துளி போல வரையப்படுகிறது. எந்த மழைத்துளியும் அப்படி விழுவதில்லை. ஏறத்தாழ 1 மி.மீ. விட்டத்துக்குக் குறைவான துளிகள் உருண்டையாகவே இருக்கும். 2, 3 மி.மீ. அளவுள்ள துளிகளின் அடிப்பாகத்தைக் காற்று அழுத்துவதால் அடி தட்டையாகவும் மேற்பாகம் குவிந்தும், பேக்கரி பன் போலத் தோன்றும். அதைவிடப் பெரிய துளியின் அடியில் ஒரு குழிவே விழுந்துவிடும். ஜெர்மானிய இயற்பியலாளர் பிலிப் லெனார்டு, கீழிருந்து மேலாகக் காற்று வீசும் செங்குத்துக் குழாயில் துளிகளை மிதக்கவிட்டு ஆராய்ந்து 1904-ல் இதைப் பற்றி எழுதினார்.

வெபர் எண்

துளியைச் சிதறாமல் சேர்த்துப் பிடிப்பது பரப்பு இழுவிசை. பிய்க்கப் பார்ப்பது காற்றின் அழுத்தம். இவ்விரண்டின் விகிதத்தைக் குறிக்கும் பரிமாணமற்ற எண்ணே வெபர் எண். மோரிட்ஸ் வெபர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

வெபர் எண் = காற்றின் அடர்த்தி × சார்பு வேகத்தின் வர்க்கம் × துளியின் விட்டம் ÷ பரப்பு இழுவிசை

சார்பு வேகம் என்பது காற்றின் வேகத்துக்கும் துளியின் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு. காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்றும், தூய நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 0.072 நியூட்டன் என்றும் கொள்ளலாம். ரோஸ் கன், கில்பர்ட் கின்சர் ஆகியோர் 1949-ல் அளந்து வெளியிட்ட முற்றுத் திசைவேகங்களின்படி 2 மி.மீ. துளி வினாடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் வேகத்திலும், 5 மி.மீ. துளி ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்திலும் விழுகின்றன. இம்மதிப்புகளைப் பொருத்தினால் 2 மி.மீ. துளியின் வெபர் எண் 1.4, 5 மி.மீ. துளியின் வெபர் எண் 6.8.

பாகுநிலை குறைந்த திரவங்களில் வெபர் எண் ஏறத்தாழ 12-ஐ எட்டும்போது துளி உடையும் என்பது ஆய்வு நூல்களில் பொதுவாகக் காணப்படும் அளவு. எண்ணெய் போன்ற பாகுநிலை மிகுந்த திரவங்களுக்கு இது இன்னும் கூடும். ஆகவே அமைதியான காற்றில் விழும் சாதாரண மழைத்துளி தானாக உடைவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. 9 மி.மீ. அளவுக்கு வளர்ந்தால்தான் அது எல்லையைத் தொடும். பீட்டர் ஹாப்ஸ், ஆர்தர் ராங்னோ ஆகிய இருவரும் பிரேசிலிலும் மார்ஷல் தீவுகளிலும் விமானத்திலிருந்து படம்பிடித்து 2004-ல் அறிவித்த மிகப் பெரிய மழைத்துளிகள் 8.8 மி.மீ. முதல் ஒரு செ.மீ. வரை இருந்தன. இயற்கையில் காணப்படும் உச்ச அளவும் கணக்கு சொல்லும் எல்லையும் அருகருகே இருப்பதைக் கவனிக்கலாம்.

புயற்காற்று துளியைப் பிய்ப்பதில்லை

2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்காலை ஒட்டிக் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் இருந்தது. அதாவது வினாடிக்கு 28 மீட்டர். இந்த எண்ணை அப்படியே வெபர் எண் சூத்திரத்தில் இட்டால் 2 மி.மீ. துளிக்கு 26 வருகிறது. உடைவதற்குத் தேவையானதைப் போல இரு மடங்கு. அப்படியானால் புயல் மழையில் எல்லாத் துளிகளும் தூளாகியிருக்க வேண்டும். ஆனால் அப்படி ஆவதில்லை.

மாணவர்கள் இந்தக் கணக்கில் அடிக்கடி தவறும் இடம் இதுதான். சூத்திரத்தில் இட வேண்டியது காற்றின் வேகமன்று, சார்பு வேகம். ஆற்றோடு போகும் தக்கைக்கு ஆற்றின் வேகம் தெரியாது. அதுபோல, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சீராக வீசும் காற்றில் மிதந்து செல்லும் துளி, காற்றோடு காற்றாகப் போய்க்கொண்டிருக்கும். அது உணர்வது கீழ்நோக்கி விழும் தன் சொந்த வேகத்தை மட்டுமே. முகத்தில் ஊசி குத்துவது போல அடிப்பதற்குக் காரணம், அந்தக் காற்றில் மனிதர் நின்றுகொண்டிருப்பது.

ஆகவே துளிக்கு ஆபத்து வேகமான காற்றால் வருவதைவிட, மாறும் காற்றால்தான் வருகிறது. எவ்வளவு விரைவான மாற்றம் என்பதை அறிய இரண்டு கால அளவுகளைக் கணக்கிட வேண்டும்.

இரண்டு கால அளவுகள்

முதலாவது, காற்றின் வேகத்துக்குத் துளி ஈடுகொடுக்க ஆகும் நேரம். முற்றுத் திசைவேகத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் இதன் தோராய மதிப்பு கிடைக்கும். 2 மி.மீ. துளிக்கு 0.66 வினாடி, 5 மி.மீ. துளிக்கு 0.93 வினாடி. இதைவிட மெதுவாகக் காற்று மாறினால் துளியும் உடன் மாறிக்கொள்ளும். சார்பு வேகம் எழாது.

இரண்டாவது, துளியின் வடிவம் ஒருமுறை குலுங்கி ஓய எடுக்கும் நேரம். நசுக்கி விட்ட ரப்பர் பந்து போல, துளியும் தட்டையாகி, நீண்டு, மீண்டும் தட்டையாகி அதிரக்கூடியது. ராலே பிரபு 1879-ல் தந்த சூத்திரத்தின்படி 2 மி.மீ. நீர்த்துளி வினாடிக்கு ஏறத்தாழ 120 முறை அதிரும். ஒரு அதிர்வுக்கு 8 மில்லிவினாடி. 5 மி.மீ. துளி வினாடிக்கு 30 முறைதான் அதிரும். ஒரு அதிர்வுக்கு 33 மில்லிவினாடி ஆகும்.

இந்த இரண்டாவது கால அளவு ஏன் முக்கியம் என்பதற்குச் சுருள்வில் தராசே நல்ல சான்று. அரைக் கிலோ எடையைக் கையில் பிடித்தபடி மெல்ல மெல்லத் தொங்கவிட்டால் முள் நேராக அரைக் கிலோவில் வந்து நிற்கும். அதே எடையைக் கொக்கியில் மாட்டிச் சட்டெனக் கையை எடுத்தால், முள் முதலில் ஒரு கிலோ வரை போய்த்தான் திரும்பும். எடை மாறவில்லை, ஏற்றிய விதம் மாறியதால் வில் இரு மடங்கு நீண்டது. துளியும் ஒரு வில்தான். காற்றழுத்தம் படிப்படியாகக் கூடினால் துளி அதற்கேற்பத் தட்டையாகி நிலைகொள்ளும். அதே அழுத்தம் ஒரு அதிர்வு நேரத்துக்குள் வந்து மோதினால், தாங்கக்கூடிய அளவைத் தாண்டித் தட்டையாகிவிடும். தட்டையான துளியின் குறுக்குப் பரப்பு கூடுவதால் காற்று மேலும் வலுவாகத் தள்ளும். பிறகு மீள வழியில்லை.

டச்சு அறிவியலாளர் ஜே. ஓ. ஹின்சே 1955-ல் எழுதிய கட்டுரையில் இந்த வேறுபாடு எண்களாகவே உள்ளது. விழும்போது படிப்படியாக வேகம் பெறும் துளிக்கு மாறுநிலை வெபர் எண் 22. திடீரெனக் காற்றோட்டத்தில் அகப்படும் துளிக்கு 13. இவ்வெண்கள் திரவத்தையும் சோதனை முறையையும் பொறுத்து மாறக்கூடியவை. இரண்டுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 1.7 மடங்கு வேறுபாடே கவனிக்கத்தக்கது. தராசு முள்ளின் இரு மடங்குக்கு அது வெகு தொலைவில் இல்லை.

இப்போது கடலோரப் புயலுக்குத் திரும்பலாம். வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்று ஒரு வீட்டின் மூலையில் மோதித் திரும்புகிறது. ஒரு மீட்டர் தூரத்துக்குள் அதன் வேகமும் திசையும் மாறிவிடுகின்றன என்று கொள்வோம். அந்த ஒரு மீட்டரைத் துளி கடக்க 40 மில்லிவினாடி ஆகும். இது முதல் கால அளவைவிட மிகக் குறைவு. ஆகவே துளி காற்றோடு திரும்ப முடியாமல் முன்னே பாயும், சார்பு வேகம் எழும். 2 மி.மீ. துளிக்கு இது ஐந்து அதிர்வு நேரம் என்பதால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மேலும் அது உடைய வினாடிக்கு 19 மீட்டர் சார்பு வேகம் வேண்டும். 5 மி.மீ. துளிக்கோ 40 மில்லிவினாடி என்பது ஒரே ஒரு அதிர்வு; அது உடைய 12 மீட்டர் வேகமே போதும். ஒரே காற்றுத் திருப்பத்தில் சிறுதுளி தப்பிவிட, பெருந்துளி சிதறுகிறது.

உடையும் விதங்கள்

மார்ட்டின் பில்ச், சி. ஏ. எர்ட்மன் ஆகியோர் 1987-ல் தொகுத்த வகைப்பாடு பரவலாகப் பயன்படுகிறது. வெபர் எண் 12-க்குக் கீழே துளி அதிரும். சில நேரம் இரண்டு மூன்று பெரிய துண்டுகளாகப் பிரியும். 12 முதல் 50 வரை பை உடைவு. 50 முதல் 100 வரை பையின் நடுவே ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். 100-க்கு மேல் துளியின் ஓரங்களிலிருந்து மெல்லிய படலம் உரிந்துகொண்டே போகும். 350-ஐத் தாண்டினால் துளி வெடித்தது போலச் சிதறிவிடும்.

இவற்றில் பை உடைவே அழகானது, புரிந்துகொள்ளவும் எளிது. அரசலாற்று முகத்துவாரத்தில் வீச்சுவலை வீசுபவரைப் பார்த்தவர்களுக்கு இதன் வடிவம் உடனே பிடிபடும். விரிந்த வலையின் ஓரத்தில் ஈயக் குண்டுகள் வட்டமாக நிற்க, நடுவே வலை மெல்லியதாகக் காற்றில் உப்பும். துளியிலும் அப்படியே. முதலில் அது தட்டு போல ஆகும். தட்டின் நடுப்பகுதியைக் காற்று தள்ள, அது மெல்லிய பையாக உப்பும். ஓரத்தில் தடித்த வளையம் ஒன்று நிற்கும். துளியின் நீரில் பாதிக்கும் மேல் இந்த வளையத்தில்தான் உள்ளது. பை முதலில் கிழிந்து மிக நுண்ணிய திவலைகளாகும். அடுத்து வளையம் அறுந்து, அதிலிருந்து பெரிய துளிகள் பிறக்கும். ஆகவே ஒரு துளி உடைந்தால் ஒரே அளவான துண்டுகள் கிடைப்பதில்லை. நுண்திவலைக் கூட்டம் ஒன்றும் பெருந்துளிக் கூட்டம் ஒன்றுமாகக் கிடைக்கின்றன. மருந்து தெளிப்பில் இதுவே பெரும் சிக்கலாகிறது.

கடற்பரப்பிலும் பை உடைவு உண்டு. புயற்காற்றில் அலைமுகட்டின் நீர்த்தோல் சிறு சிறு பைகளாக உப்பி வெடிப்பதே கடுங்காற்றில் சாரல் எழுவதற்கு முதன்மைக் காரணம் என்று யூலியா திரோயித்ஸ்கயா தலைமையிலான ரஷ்ய ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினர்.

காற்று எத்திசையில் வருகிறது?

தெலங்கானாவில் உள்ள ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கீர்த்தி சந்திர சாகு குழுவினர் இதை அதிவேகக் கேமராவால் படமெடுத்து ஆராய்ந்து வருகின்றனர். விழும் துளியின்மீது பக்கவாட்டில் காற்றைச் செலுத்தினால் மாறுநிலை வெபர் எண் வழக்கமான 12-ஐ ஒட்டி இருக்கிறது. காற்றுக் குழாயைச் சாய்த்து, துளி விழும் திசைக்கு எதிராகக் காற்று வருமாறு செய்தால் அந்த எண் சடுதியில் குறைந்து, ஏறத்தாழ பாதிக்கு இறங்கிவிடுகிறது. பக்கவாட்டுக் காற்றில் துளி காற்றோடு ஓடித் தப்பப் பார்க்கும். எதிர்க்காற்றில் அதற்கு அந்த வழி எளிதில் கிடைப்பதில்லை. 2020-ல் வெளிவந்த இவ்வாய்வுக்குப் பின் இக்குழு சுழன்று வரும் காற்றையும் சோதித்தது. அதில் உப்பத் தொடங்கிய பை, காற்றின் வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால் மீண்டும் உள்ளிழுக்கப்படும் புது வகை உடைவு காணப்பட்டது. ஆகவே 12 என்ற எண்ணை நீரின் கொதிநிலை போல மாறாத ஒன்றாக மனப்பாடம் செய்வது சரியன்று.

வயலில் மருந்து தெளித்தல்

காரைக்கால் பகுதியில் நெற்பயிரைத் தாக்கும் தண்டுத்துளைப்பான், இலைச்சுருட்டுப் புழு, புகையான் ஆகியவற்றுக்கு மருந்து அடிக்க மூன்று வகைக் கருவிகள் பயன்படுகின்றன. முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பான், பெட்ரோலில் ஓடும் விசைத்தெளிப்பான், அண்மைக் காலத்தில் ட்ரோன். மூன்றும் துளியை உண்டாக்கும் விதம் வேறு வேறு.

கைத்தெளிப்பானில் நீரின் அழுத்தமே வேலை செய்கிறது. முனையிலிருந்து குடை போல விரியும் நீர்ப்படலம் தானே கிழிந்து துளிகளாகிறது. விசைத்தெளிப்பானில், வேகமாகச் செல்லும் காற்றுக்குள் மருந்துநீர் சொட்டுச் சொட்டாக விடப்படுகிறது; உடைப்பது காற்று. வினாடிக்கு 60 மீட்டர் வேகமுள்ள காற்றில் 2 மி.மீ. துளி ஒன்று திடீரென நுழைந்தால் அதன் வெபர் எண் 120. உரிந்தும் கிழிந்தும் அது சிதறும். எவ்வளவு சிறிதாகும் வரை சிதறும்? வெபர் எண் 12 என்று வைத்துக் கணக்கிட்டால் 0.2 மி.மீ., அதாவது 200 மைக்ரான். அந்தக் காற்றில் உடையாமல் தாங்கக்கூடிய துளியின் மேல்வரம்பு இது; பை கிழிந்து பிறக்கும் திவலைகள் இதைவிடப் பல மடங்கு சிறியவை. மருந்து இலையில் பரவி ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் ஒட்டும் திரவம் பரப்பு இழுவிசையைப் பாதியாகக் குறைத்தால் இந்த மேல்வரம்பும் 100 மைக்ரானுக்கு இறங்கும்.

பனி போல மென்மையாகத் தெளித்தால்தான் மருந்து நன்றாகப் படியும் என்று பலர் எண்ணுகின்றனர். ஓரளவு உண்மைதான், ஒரு 200 மைக்ரான் துளியின் மருந்தில் எட்டு 100 மைக்ரான் துளிகள் கிடைக்கும், அதிக இடத்தை மூடும். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 200 மைக்ரான் துளி வினாடிக்கு ஏறத்தாழ 0.7 மீட்டர் வேகத்தில் விழும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பயிரைச் சேர ஒன்றரை வினாடி போதும். அதற்குள் வினாடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள இளங்காற்று அதை 4 மீட்டர் நகர்த்தும். 100 மைக்ரான் துளிக்கு 4 வினாடி ஆகும். 12 மீட்டர் நகரும். 50 மைக்ரான் துளியோ 14 வினாடி மிதந்து 40 மீட்டருக்கு மேல் போய்விடும். அது விழும் இடம் பக்கத்து வயலாகவோ வாய்க்காலாகவோ வீட்டு வாசலாகவோ இருக்கலாம். முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கும் தொழிலாளியின் மூச்சுக்குள் போவதும் இந்த நுண்திவலைகளே. துண்டு பெருந்துளியைத் தடுக்கும். மிதக்கும் திவலையைத் தடுக்காது.

இதனால்தான் காற்றுக்கு எதிர்முகமாக நடந்து அடிக்கக்கூடாது என்பதும், கடற்காற்று எழுவதற்கு முன் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்பதும் வெறும் சம்பிரதாயமல்ல. ஆடிக்காற்று வீசும் குறுவைப் பருவத்தில் இது இன்னும் கடுமை. வறண்ட காற்றில் துளி ஆவியாகிச் சுருங்கிக்கொண்டே போவதால், 100 மைக்ரானாகப் புறப்பட்டது வழியிலேயே மேலும் சிறிதாகி மேலும் தொலைவு செல்லும். கைத்தெளிப்பானில் தேவைக்கு மேல் அழுத்தம் ஏற்றுவதும் நுண்திவலைகளின் பங்கைக் கூட்டும்.

ட்ரோனைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அதன் இறக்கைகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று துளிகளை மேலும் உடைத்துவிடும் என்று கருதப்படுகிறது. வினாடிக்கு 10 மீட்டர் காற்றில் 200 மைக்ரான் துளியின் வெபர் எண் 0.33 மட்டுமே. அது உடையாது. இறக்கைக் காற்று செய்வது துளியைச் சுமந்து செல்வதுதான். பயிருக்குள் செலுத்துவதும் அதுவே, ட்ரோனின் ஓரத்தில் சுழலாக எழும்போது மேலே அள்ளிச் செல்வதும் அதுவே.

ரேடார் காண்பது எதை?

காரைக்காலில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. டெல்டா கடலோரத்தை நெருங்கும் மழைமேகங்களை இது கண்காணிக்கிறது. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையைக் கொண்டு மழையின் அளவு மதிப்பிடப்படுகிறது. இங்கே துளி உடைதல் எதிர்பாராத ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது.

ஒரு துளி திருப்பி அனுப்பும் வலிமை அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்த்தகவில் உள்ளது. நீரின் அளவோ விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 4 மி.மீ. துளி ஒன்று எட்டு 2 மி.மீ. துளிகளாக உடைகிறது எனக் கொள்வோம். நீர் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் முன்பு 4096 பங்காக இருந்த எதிரொலி இப்போது எட்டு முறை 64, அதாவது 512 பங்கு, எட்டில் ஒன்றாகிவிட்டது. எதிரொலி = 200 × மழைவீதத்தின் 1.6 அடுக்கு என்ற மார்ஷல்–பால்மர் தொடர்பைப் பயன்படுத்தினால், கணக்கில் வரும் மழை ஏறத்தாழ கால் பங்காகச் சுருங்கும். அரசலாற்றின் கரையோரம் வசிப்பவர்களுக்கு வெள்ள எச்சரிக்கை தருவதில் இது சிறிய பிழையன்று.

ஆகவே மேகத்திலிருந்து தரைக்கு வருவதற்குள் துளிகள் எந்த அளவுகளில் கலந்துள்ளன என்று தெரிய வேண்டும். பிரான்சின் எம்மானுவேல் வில்லெர்மோ, பெஞ்சமின் போசா ஆகியோர் 2009-ல், ஒவ்வொரு பெருந்துளியும் தனித்தனியே பை உடைவுக்கு உள்ளாவதே இந்தக் கலவையை விளக்கப் போதும் என்றனர். அவர்கள் எடுத்த, 6 மி.மீ. துளி குடையாக விரிந்து சிதறும் படம் உலகெங்கும் பரவியது. ஆனால் 5 மி.மீ.க்கு மேற்பட்ட துளிகள் மழையில் மிக அரிது என்பதால், துளிகள் ஒன்றோடொன்று மோதி உடைவதே முதன்மைக் காரணம் என்று கருதும் வானிலையாளர்களே மிகுதி. மேலே கண்ட வெபர் எண்களும் அவர்கள் பக்கமே சாய்கின்றன.

திருப்பதிக்கு அருகில் கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில் துளி அளவுமானிகள் கொண்டு நடந்த ஆய்வுகளில், ஒரே மழைவீதத்தில் தென்மேற்குப் பருவமழையின் துளிகள் வடகிழக்குப் பருவமழையின் துளிகளைவிடப் பெரியவை என்று தெரியவந்தது. அப்படியானால் ஜூலையில் பொருந்தும் சூத்திரம் நவம்பரில் மழையைக் குறைத்துக் காட்டும். கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இருவகை அலைகளை அனுப்பும் ரேடார்கள் இதற்கு ஒரு தீர்வைத் தருகின்றன. பெருந்துளி தட்டையானது என்பதால் கிடைமட்ட அலை கூடுதல் வலிமையுடன் திரும்பும். இரண்டின் வேறுபாட்டிலிருந்து துளியின் அளவை மதிப்பிடலாம்.

பள்ளியில் செய்து பார்க்க

துளிகளின் அளவை அறிய ரேடார் தேவையில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1904-ல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படும். அகன்ற தட்டில் இரண்டு செ.மீ. உயரத்துக்குச் சலித்த மாவைத் தளர்வாகப் பரப்பி, மழையில் சில வினாடிகள் மட்டும் காட்டிவிட்டு உள்ளே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு துளியும் மாவில் ஒரு சிறு உருண்டையை உண்டாக்கியிருக்கும். காய்ந்தபின் சலித்தெடுத்து, உருண்டைகளை அளவுகோலில் வரிசையாக வைத்து அளக்கலாம். உருண்டையின் அளவும் துளியின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. சித்திரை மாத இடிமழையில் ஒரு தட்டும், கார்த்திகை அடைமழையில் ஒரு தட்டும் காட்டி இரண்டையும் அருகருகே வைத்தால், பருவத்துக்குப் பருவம் துளி எவ்வாறு வேறுபடுகிறது என்பதை மாணவர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம். தென்னை மரத்தடியிலோ கூரையோரத்திலோ வைத்த தட்டில் மட்டையிலிருந்தும் ஓட்டிலிருந்தும் சொட்டும் பெருந்துளிகள் கலந்துவிடும் என்பதால், தட்டை வெட்டவெளியில் வைப்பது அவசியம்.